பட்டயமும் பயிர் உரிமையும்: கொச்சி யூதர் குடியேற்றத்தை முன்வைத்து

பாலஸ்தீன நிலத் தகராற்றை இரு மதங்களின் பழம்பகையாகவே சொல்லித் தொடங்குவது தமிழில் வழக்கமாகிவிட்டது. தாமிரபரணிப் பாசனத்து நிலவுரிமையோடு பழகியவர்களுக்கு இந்த விளக்கம் போதாது. தச்சநல்லூர்ப் பக்கத்து நஞ்சையில் ஒரே வயலுக்கு மூன்று பேர் உரிமை பேசுவார்கள்: உடைமை கோயிலுக்கோ மிராசுதாருக்கோ, பயிர் வாரக்குடிக்கு, தீர்வை சர்க்காருக்கு. இவற்றில் எது பத்திரத்தில் ஏறியது, எது வெறும் வழக்கமாகவே நின்றது என்பதைப் பொறுத்துத்தான் வயல் கைமாறும்போது யார் வெளியேறுவது என்பது முடிவாகும். பாலஸ்தீனத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

1858இல், அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட உதுமானியப் பேரரசு நிலச் சட்டம் கொண்டுவந்து பதிவைக் கட்டாயமாக்கியது. வரிக்கும் படைச்சேர்ப்புக்கும் அஞ்சிய உழவர் பலர், நகரத்துப் பெரிய மனிதர் பெயரில் நிலம் பதிவாவதைத் தடுக்கவில்லை. பெய்ரூட்டின் சுர்சோக் குடும்பம் 1920களில் மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியின் பெரும்பகுதியை யூத நிறுவனங்களுக்கு விற்றபோது பத்திரப்படி குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. விற்றவர் உடைமையாளர், வாங்கியவர் விலை கொடுத்தவர். தலைமுறை தலைமுறையாக அங்கே உழுதவர்தாம் கணக்கிலேயே இல்லை. அந்நிறுவனங்களில் ஒன்றான யூத தேசிய நிதியம் வாங்கிய நிலம் மறுவிற்பனைக்கு வராது என்பதால் அவர்கள் திரும்பிவரும் வழியும் அடைபட்டது. குத்தகை உழவரைக் காக்க 1929இல் பிரிட்டிஷ் நிர்வாகம் பிறப்பித்த சட்டம் பெரும்பாலும் பண இழப்பீட்டோடு நின்றுகொண்டது. சென்னை மாநிலத்தின் 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமோ, உழுபவரை அந்த வயலிலேயே இருத்த முயன்றது. அதை இயற்றிய சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்களில் வாரக்குடிகளும் இருந்தார்கள். பாலஸ்தீன உழவருக்கு அப்படி ஒரு வாக்கு இருக்கவில்லை.

ஐரோப்பாவில் உயிர்தப்ப இடமில்லாதவர்கள் வேறெங்கே போவார்கள் என்ற மறுப்பு நியாயமானது. 1933க்குப் பின் வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது அதை ஒதுக்கவே முடியாது. ஆனால் அந்த மறுப்பு எட்டாத ஒரு கூட்டம் நம் பக்கத்திலேயே இருந்தது.

கொச்சி யூதர்கள் துரத்தப்பட்டுப் போனவர்கள் அல்லர். ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவி, யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு வட்டெழுத்துச் செப்பேட்டில் உரிமைகள் வழங்கினான். பின்னாளில் கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுக்க, 1568இல் பரதேசி யூதப்பள்ளி அங்கே எழுந்தது. 16ஆம் நூற்றாண்டில் கொடுங்கல்லூரில் பட்ட அடியும் போர்த்துகீசியர் கொடுமையும் உண்டுதான். ஆனாலும் சுதந்திர இந்தியாவில் அவர்களை யாரும் வெளியேறச் சொல்லவில்லை. சமயப் பற்றும் பொருளியல் நெருக்கடியும் சேர்ந்து 1950களின் நடுப்பகுதிக்குள் அவர்களில் மிகப் பெரும்பாலோரை இஸ்ரேலுக்குக் கொண்டுசென்றன.

அங்கே அவர்கள் குடியேறிய மெசிலாத் சியோன் என்ற ஊர் 1950இல், 1948 போரில் காலியான பைத் மஹ்சிர் என்ற அரபு ஊரின் நிலத்தில் அமைந்தது. அவர்கள் குடியேறிய இன்னொரு ஊரான தாவோஸ், பைத் சூசின் என்ற அரபு ஊரின் நிலத்தில். அதே 1950இல்தான் வராதோர் சொத்துச் சட்டம் வந்து, வெளியேறிய அரபியரின் நிலத்தை அரசுப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தது. கொச்சியிலிருந்து போனவருக்குப் பைத் மஹ்சிர்காரரோடு முன்பகை ஏதும் கிடையாது; அந்த ஊர்ப் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார். எந்த நிலத்தில் தாம் குடியேறுவது என்பதைத் தீர்மானித்தவரும் அவரல்லர். பழம்பகை இல்லாதவருக்கும் தகராற்று நிலம் வந்துசேர்ந்தது என்றால், அதற்கான விளக்கத்தை மதத்தில் தேடிப் பயனில்லை. அந்த நிலத்தை ஆளற்றதாக்கிய சட்டத்தில்தான் தேட வேண்டும்.

ஒப்பீட்டுக்குக் கேரளத்து மாளாவைச் சொல்லலாம். அவ்வூர் யூதர் 1955இல் புறப்படுமுன் தங்கள் யூதப்பள்ளியைப் பாதுகாக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஊராட்சியிடம் எழுதிக்கொடுத்தார்கள். கல்லறை நிலத்தையும் அவ்வாறே ஒப்படைத்தார்கள். பிற்காலத்தில் அந்தக் கல்லறை நிலத்தில் விளையாட்டு மையம் கட்டப் புறப்பட்டபோது, அதை எதிர்த்த மாளாக்காரர்கள் கையில் எடுத்தது அந்த ஒப்பந்தத்தைத்தான். பைத் மஹ்சிரை விட்டுப் போனவர்களுக்கு அப்படி எழுதிக்கொடுக்க அவகாசமும் இருக்கவில்லை, வாங்கிக்கொள்ள ஓர் ஊராட்சியும் இருக்கவில்லை.