ராபர்ட்சன்பேட்டையில் ஓர் ஓட்டு வீடு

கோலார் தங்கவயலில் உத்தியோகம் பார்த்தவர்களைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது முதலில் வருவது பங்களாதான். நீண்ட தாழ்வாரம், ரோஜாத் தோட்டம், கிளப்பு, டென்னிஸ் மைதானம். எல்லாம் வாஸ்தவம். ஆனால் அந்த பங்களாக்களில் ஒரு செங்கல்கூட குடியிருந்தவருக்குச் சொந்தமில்லை என்பதை அதிகம் பேர் சொல்வதில்லை.

காரணம் பழையது. நியூசிலாந்து யுத்தத்தில் பணியாற்றிவிட்டு பெங்களூர் கண்டோன்மெண்டில் தங்கிய மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ்காரர், 1873-ல் மைசூர் அரசாங்கத்துக்கு விண்ணப்பித்து, 1875-ல் சுரங்க உரிமை பெற்றார். பெங்களூரின் லவெல் ரோடு அவர் பெயரில்தான். 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு தொழில் நிலைத்தது. சுரங்க நிலம் குத்தகை நிலம். அதன்மேல் துரைமார்களுக்கு பங்களாவும், குமாஸ்தாக்களுக்கு குவார்ட்டர்ஸும் கம்பெனியே கட்டியது. வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து வந்த தொழிலாளிகளுக்குக் கிடைத்தது குனிந்து நுழைய வேண்டிய மூங்கில் தட்டிக் குடிசை. இத்தனைக்கும் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் கம்பி இழுத்து 1902-லேயே தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது, பெங்களூருக்கு 1905-ல்தான்! அந்த மின்சாரம் முதலில் இயந்திரங்களுக்கு வந்ததே தவிர தட்டிக் குடிசைக்கு அல்ல.

சுரங்கப் பகுதியின் நெரிசலைக் குறைக்க 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் அரசாங்கம் மனை பிரித்து உண்டாக்கிய ஊர் ராபர்ட்சன்பேட்டை. அப்போதைய பிரிட்டிஷ் ரெஸிடெண்ட் டொனால்ட் ராபர்ட்சன் பெயரை வைத்தார்கள். வியாபாரிகள், வக்கீல்கள், வாத்தியார்கள் அங்கே குடியேறினார்கள். சொந்தப் பெயரில் கிரயப் பத்திரம் வேண்டும் என்பவர் பேட்டைக்குத்தான் போகவேண்டும்.

என் அத்திம்பேர் சுரங்கத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவர். 1976-ல் அங்கே ஒரு பழைய வீட்டை வாங்கினார். மூன்றே அறைகள், மங்களூர் ஓடு, கொல்லையில் கிணறு, ஒரு புளியமரம். மனையோ 60 அடிக்கு 100 அடி; அதில் வீடு கால் பங்குகூட இல்லை. "கம்பெனி குவார்ட்டர்ஸ் இருக்க, யாராவது இந்தக் கிழட்டு வீட்டை வாங்குவாளா?" என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். அக்காவும்தான் முதலில் முகம் சுளித்தாள்.

அவர் கணக்குப் புஸ்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், வரவரக் குறைந்து கடைசியில் சுமார் 3 கிராமுக்கு வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கமோ 3 கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டது. அந்த ஆழத்தில் பாறையின் உஷ்ணமே 60 டிகிரி செல்ஷியஸைத் தாண்டும். குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்தித்தான் ஆள் இறங்க முடியும். அரசாங்கம் 1956-ல் சுரங்கங்களை ஏற்றது, 1962-ல் மத்திய சர்க்காருக்கு மாறியது, 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் ஆனது. பெயர்ப்பலகை மாறினாலும் கணக்கு மாறவில்லை.

"ஓட்டைப் பிரித்துவிட்டு காங்கிரீட் தளம் போடலாமே, அத்திம்பேர்?" என்று ஒரு சமயம் கேட்டேன். "கீழே பாறை வெடிச்சா தளம் விரிசல் விடும். ஓடு நழுவினா நாலு ஓடு மாத்தினாப் போறும்" என்றார். மிக ஆழத்தில் பாறை தோண்டப்படும்போது சுற்றியுள்ள அழுத்தம் திடீரென்று விடுபட்டு வெடிப்பதைத்தான் அங்கே 'ராக் பர்ஸ்ட்' என்பார்கள். மேலே வீடுகளில் பாத்திரம் உருளும். பலமானதில் சுவர் பிளந்ததுண்டு. பௌதிகம் படித்தவன் என்ற முறையில் அவர் சொன்னது சரி என்றே எனக்குப் படுகிறது. மரச் சட்டமும் ஓடும் அசைந்து கொடுக்கும். (1965-ல் இதே சுரங்கத்தின் ஆழத்தில் இயற்கை நியூட்ரினோக்களைப் பதிவு செய்தார்கள். எனக்கு அது தங்கத்தைவிடப் பெரிய விஷயம்.)

28.2.2001 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. குவார்ட்டர்ஸ் வாசிகளுக்கு வேலையும் போய், வீடும் கேள்விக்குறியாயிற்று. குடியிருக்கும் வீட்டை எங்கள் பெயருக்கே எழுதிக்கொடுங்கள் என்று வருஷக்கணக்கில் மனுப் போட்டார்கள். பெரிய தோட்டத்தோடு வாழ்ந்த அதிகாரிகள் சிலர் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சர்வதேச டெண்டருக்கு வழிவிட்டபோதும் பலர் ஒழுகும் கூரையின் கீழ்தான் இருந்தார்கள். அத்திம்பேர் அதற்கு முன்பே தம் வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்தபடி காலமானார்.

இப்போது அக்காவுக்கு எண்பதுக்கு மேல். பெங்களூர்–சென்னை விரைவுச்சாலை பேத்தமங்கலம் பக்கமாக வந்துவிட்டதால் மனை கேட்டு ஆள் வருகிறார்கள். வீட்டைப் பற்றி ஒருவர்கூட விசாரிப்பதில்லை, அளவைத்தான் கேட்கிறார்கள். மருமான், இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டக் கொடுக்கலாம் என்கிறான். அக்கா, "நான் இருக்கற மட்டும் புளியமரத்தைத் தொடப்படாது" என்கிறாள். என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். இருவருக்கும் பொதுவாக ஒன்று சொன்னேன். கட்டா என்பது நகராட்சியின் வரிக் கணக்கு. அதுவே உரிமைப் பத்திரம் ஆகாது. மூலப்பத்திரமும், 1976 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். 2004 ஏப்ரலுக்குப் பிந்தியது கம்ப்யூட்டரில் கிடைக்கும். முந்தியதை சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பழைய பதிவேட்டைப் புரட்டித்தான் எடுக்க வேண்டும். அடுத்த வாரம் அதற்காக நான் தங்கவயல் போகிறேன்.