மீனைக் கொன்ற ஒலி

பிசியோதெரபி அறையில் ஜெல் தடவித் தோளில் ஒரு கருவியை வட்டமாகத் தேய்ப்பார்களே, அந்த அல்ட்ராசவுண்டின் மூலம் போர்க்களம். முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க, பிரான்சின் பால் லாஞ்ச்வான் 1917-இல் குவார்ட்ஸ் படிகத்தை அதிரவைத்துக் காதுக்குக் கேட்காத ஒலியை நீருக்குள் அனுப்பினார். குறுக்கே வந்த மீன்கள் செத்தன. நீரில் வைத்த கை வலித்தது!

அதே ஒலியைக் குறைந்த அளவில் கொடுத்து, ஜெர்மனியின் போல்மன் குழுவினர் 1939-இல் சயாடிகா வலியைக் குறைக்க முயன்றனர். பிறகு உலகெங்கும் பரவியது.

ஜெல் அலங்காரத்துக்கு அல்ல. இடையில் காற்று இருந்தால் அலை உள்ளே போகாது. ஆழமான தசைக்கு 1 மெகாஹெர்ட்ஸ், மேலோட்டமானதற்கு 3.

இத்தனை கணக்கும் சரி, வலி குறைந்ததா? 2001-இல் ராபர்ட்சனும் பேக்கரும் 35 ஆய்வுகளை அலசினார்கள். முறையாக நடந்தவை என்று தேறியவை பத்தே பத்து. அவற்றில் எட்டில், போலிச் சிகிச்சையைவிட இது மேல் என்று தெரியவில்லை. பலன் தெரிந்தவை இரண்டு: மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் நோய், தோள் தசைநாணில் சுண்ணாம்பு படிவதால் வரும் வலி.