கிள்ளான் 1941: ஒரு தோல்வியும் அதன் படிப்பினைகளும்

முன்னுரை

தோல்வியிலிருந்து கற்றல், வீழ்ந்தபின் மீண்டெழுதல் ஆகியன குறித்து இன்று கல்வியுலகில் நிறையப் பேசப்படுகிறது. ஆயினும் அவை பெரும்பாலும் தனிமனிதரின் மனத்திண்மையாகவே விளக்கப்படுகின்றன. ஒரு சமூகம் தோற்றபோது அது எதனைக் கற்றது, எதனைக் கல்லாது விட்டது என்னும் வினா அத்துணை எழுப்பப்படுவதில்லை. மலாயாத் தமிழர் வரலாற்றில் அவ்வினாவை எழுப்புதற்கு ஏற்ற நிகழ்வு, 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடைபெற்ற வேலைநிறுத்தமாகும். அப்போராட்டம் ஏன் தோற்றது என்பதையும், பின்வந்தோர் அதிலிருந்து கற்றவை யாவை என்பதையும் இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

போராட்டத்தின் பின்னணி

1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தது. தோட்ட நிருவாகங்கள் ஆட்குறைப்புச் செய்தன. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியோரின் கூலி குறைக்கப்பட்டது. நிலைமையை நேரில் அறிய 1936இன் இறுதியில் மலாயாவுக்கு வந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, மந்தத்திற்கு முன்பிருந்தவாறு ஆடவருக்கு 50 காசும் பெண்டிருக்கு 40 காசும் நாட்கூலியாக மீண்டும் வழங்கப்பட வேண்டுமெனப் பரிந்துரைத்தார். அவ்வாறே உயர்ந்த கூலி, 1938இல் மறுபடியும் குறைக்கப்பட்டது. அதனை எதிர்த்து, உதவியுடன் தொழிலாளர் மலாயாவுக்கு அனுப்பப்படுவதை இந்திய அரசு அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தடைசெய்தது.

1939இல் போர் மூண்டதும் ரப்பரின் தேவை பெருகியது. உணவுப்பொருள் விலையும் உடன் ஏறியது. ஆனால் இந்தியத் தொழிலாளரின் கூலி, அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளரின் கூலியைவிடக் குறைவாகவே இருந்தது. இச்சூழலில்தான் 'தமிழ் நேசன்' நாளிதழில் துணையாசிரியராகப் பணியாற்றிய ஆர்.எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழித் தோட்டத் தொழிலாளரை ஒருங்கிணைக்கலானார்.

கோரிக்கைகள் உணர்த்துவன

இப்போராட்டத்தைக் கூலிப் போராட்டம் என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. கூலிச் சமத்துவத்துடன், நெடுநேர வேலையை ஒழித்தல், மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், தோட்டப் பெண்களிடம் அதிகாரிகள் தகாத முறையில் நடப்பதைத் தடுத்தல், சங்கம் அமைக்கும் உரிமை, உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோகும் உரிமை ஆகியனவும் கோரப்பட்டன. துரையையோ கிராணியையோ எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாகும். மிதிவண்டியிலிருந்து இறங்காதிருப்பதற்காக ஒரு காசும் செலவாவதில்லை. அதனைக் கூலி உயர்வுக்கு இணையாக அவர்கள் வைத்தமை, அவர்கள் வேண்டியது மானமும்தான் என்பதைக் காட்டுகிறது.

ஆசிரியர்களாகிய நாம் தனித்து நோக்க வேண்டிய கோரிக்கையும் ஒன்றுண்டு. பள்ளி வயதுச் சிறுவர் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்கப்பட வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. ஆனால் பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியராக அமர்ந்தார். ஆகவே தம் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் எனத் தொழிலாளர் கேட்டனர். தாம் பெறாத கல்வியைத் தம் மக்கள் பெற வேண்டும் என்ற எண்ணம், பெரட்டுக் களத்தில் நின்றவர்களிடமிருந்தே எழுந்தது என்பது கருதத்தக்கது.

தோல்வியும் அதன் காரணங்களும்

1941 ஏப்ரலில் சிறு கூலி உயர்வுடன் வேலைநிறுத்தத்தின் முதல் அலை ஓய்ந்தது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டதும் இரண்டாம் அலை எழுந்தது. ஏறத்தாழ 20,000 தொழிலாளர் வேலையை நிறுத்தினர். மே 16ஆம் நாள் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அடக்குமுறைக்கு இந்தியப் படையினரும் பயன்படுத்தப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐவர் உயிரிழந்தனர், நூற்றுக்கணக்கானோர் கைதாயினர், பலர் நாடுகடத்தப்பட்டனர். நாதனும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

படைபலத்தாலேயே போராட்டம் ஒடுங்கியது என்பது உண்மை. எனினும் போராட்டத்தின் உள்ளேயும் மூன்று குறைகளை நாம் காண்கிறோம். முதலாவது, தொழிலாளரின் குடிநிலை. நாடுகடத்தப்படக்கூடியவராக வாழ்பவர், உரிமை கேட்கும்போதே காலடி மண்ணை இழக்கும் நிலையில் இருக்கிறார். இரண்டாவது, ஒரு தலைவரைச் சார்ந்திருந்தமை. இரண்டாம் அலையில் நாதனின் விடுதலையே தலையாய முழக்கமாயிற்று. அவர் இல்லாதபோது பேச்சு நடத்தவல்ல அடுத்த நிலைத் தலைமை உருவாகியிருக்கவில்லை. மூன்றாவது, இனப் பிரிவினை. 1937இல் சிலாங்கூரில் சீனத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோதும், 1941இல் இந்தியத் தொழிலாளர் செய்தபோதும், ஒருவர் போராட்டம் மற்றவர் போராட்டத்துடன் இணையவில்லை.

கற்றவை

1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தனர். சயாம்–பர்மா இரயில் பாதையில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். மறுபுறம், இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தோர், ஜான்சி ராணிப் படைப் பெண்கள் உள்பட, அணிவகுக்கவும் மேடையில் பேசவும் பழகினர். போர் முடிந்தபின் தோட்டங்களுக்குத் திரும்பியவர்கள் முன்புபோல் பணிந்து நிற்கவில்லை. 1946–47இல் கெடாவில் ஏ.எம். சாமியின் தலைமையில் இயங்கிய தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்தது. கிள்ளானில் எழுந்த அதே கோரிக்கை கெடாவில் மறுபிறப்பு எடுத்தது எனலாம்.

இனப் பிரிவினை என்னும் குறையும் களையப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தில் சீனரும் இந்தியரும் இணைந்தனர். அதன் தலைவராகத் தமிழரான எஸ்.ஏ. கணபதி விளங்கினார். ஆனால் 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதுடன் அவ்வமைப்பும் ஒடுக்கப்பட்டது. 1949 மே மாதத்தில் கணபதி தூக்கிலிடப்பட்டார். இது இரண்டாம் தோல்வி. இதன்பின் சட்டத்தின் எல்லைக்குள் நின்று பேரம் பேசும் வழியைத் தொழிலாளர் மேற்கொண்டனர். சிதறிக்கிடந்த சங்கங்கள் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றுபட்டன, பி.பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளரானார். தலைவர் சிறைப்பட்டாலும் நிலைத்து நிற்கத்தக்க கிளைகள், சந்தா, எழுதப்பட்ட ஒப்பந்தம் ஆகியன அதன்வழி அமைந்தன. 1941இல் இல்லாதிருந்தவை இவையே. குடியுரிமையும், 1957இல் நாடு விடுதலை பெற்ற காலத்தில், தொழிலாளரின் முதன்மைப் பிரச்சினையாயிற்று.

இவ்வழிக்கு ஒரு விலையும் உண்டு. சட்டத்திற்கு உட்பட்ட பேரம், கூலியை எளிதில் அளவிட்டது; மானத்தை அதனால் அளவிட இயலவில்லை. மிதிவண்டிக் கோரிக்கை எந்தக் கூட்டு ஒப்பந்தத்திலும் ஒரு விதியாக இடம்பெறத்தக்கதன்று. ஒரு தோல்வியிலிருந்து எளிதாகக் கற்கப்படுவது வழிமுறையே; அத்தோல்வி எதற்காக ஏற்கப்பட்டதோ அந்நோக்கம் மெல்ல மறக்கப்படுவதும் உண்டு.

முடிவுரை

தோட்டத் தமிழரைப் பொறுமைசாலிகள் எனப் பாராட்டும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உள்ளது. பொறுத்துப்போதல் வேறு, மீண்டெழுதல் வேறு என்பதைக் கிள்ளான் நமக்கு உணர்த்துகிறது. பொறுத்துப்போகிறவர் நிலைமையை மாற்ற முயல்வதில்லை. மீண்டெழுகிறவரோ, தாம் ஏன் வீழ்ந்தோம் என ஆராய்ந்து அடுத்த முயற்சியின் வடிவத்தை மாற்றிக்கொள்கிறார். 1941, 1946, 1954 ஆகிய மூன்று ஆண்டுகளையும் வரிசைப்படுத்தி நோக்கினால் அம்மாற்றம் தெளிவாகும்.

ஆகவே இப்போராட்டத்தை வகுப்பறையில் கற்பிக்கும்போது இரண்டு மிகைகளைத் தவிர்க்க வேண்டும் என்பது எம் கருத்து. இதனை வெறும் தோல்வியெனக் கூறினால், உயிர்நீத்தோரின் முயற்சி வீணென்றாகும். மறைமுக வெற்றியெனப் புகழ்ந்தால், அவர்கள் இழந்தவை மறைந்துபோகும். கோரிக்கைப் பட்டியலை மாணவர் முன் வைத்து, இவற்றுள் எவை நிறைவேறின, எப்போது நிறைவேறின, எவை இன்னும் நிறைவேறவில்லை என அவர்களையே கேட்கச் செய்தல் நன்று. முறையான கல்வி வேண்டும் என அன்று கேட்ட பெற்றோருக்கு நாம் அளிக்கக்கூடிய மறுமொழி, அவர்கள் கதையைக் கூட்டாமலும் குறைக்காமலும் அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குக் கற்பிப்பதேயாகும்.