திருமலை அடிவாரத்துச் சோலைகள்

சென்ற ஐப்பசித் திங்களில் நம் சங்கத்தின் காரியக் கமிட்டி மூன்று முறை கூடியது. மூன்று முறையும் ஒரே விஷயந்தான். காலனிக் குடும்பங்கள் அனைத்தும் ஒரு நாள் வெளியே சென்று, மர நிழலில் அமர்ந்து உண்டு, குழந்தைகளை ஓடியாட விட்டுத் திரும்புவதற்கு எந்த இடம் ஏற்றது? ஒருவர் மிருகக்காட்சி சாலை என்றார். இளைஞர்கள் தலகோனா அருவி என்றார்கள். சித்தூரிலிருந்து வந்திருந்த அன்பர் ஹார்ஸ்லி மலையை விட மனமில்லாதிருந்தார். ஓய்வு பெற்ற டிரைவர் பெரியவர் ஒருவர், "எனக்கு முழங்கால் வலி, தம்பி, நம் காலனி வேப்பமரத்தடியே போதும்" என்று கூறிவிட்டார். முடிவு ஏற்படவில்லை.

மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை தருமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது இவ்விவாதமே என் நெஞ்சில் நின்றது. மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்தி, கூட்ஸ் ஆபீஸில் பேரேடு எழுதிப் பிழைப்பவன் நான். அரச பரம்பரைகளை ஆராய அறிஞர் பலர் உளர். ஆயினும் நம் இல்லங்களுக்கு அருகேயுள்ள சோலைகளின் கதையை ஒரு குமாஸ்தாவும் கூறலாம் அல்லவா?

எந்தச் சோலைக்குச் செல்வது என்னும் ஆராய்ச்சி தமிழருக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் மலர்வனம் புக்க காதை என்றொரு பகுதி உண்டு. மலர் கொய்யப் புறப்படும் மணிமேகலையின் பொருட்டுத் தோழி சுதமதி, புகார் நகரத்துச் சோலைகளை ஒவ்வொன்றாக எடை போட்டுக் கூறுகிறாள். இலவந்திகைச் சோலைப் பக்கம் போனால் அங்கே அரசனைச் சேர்ந்தோர் இருப்பர். உய்யானமோ தேவர்க்கு உரியது, பூதங்கள் காக்கின்றன, அதன் மலரை வண்டும் மொய்க்காது. சம்பாதி வனமும் கவேர வனமும் தெய்வக் காவல் உடையன. எஞ்சியது உவவனம் ஒன்றே. கூட்டம், காவல், அனுமதி, அச்சம் என நம் கமிட்டியார் பேசியதும் இவற்றைத்தானே? உவவனத்திற்கும் இளவரசன் உதயகுமரன் தேரேறி வந்து தொல்லை கொடுத்தான் என்பது வேறு கதை. பூங்காவில் வாலிபர் தொல்லை அன்றும் இருந்தது போலும்!

புகாரை விட்டு நம் வேங்கடத்திற்கு வருவோம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வட எல்லையாக வைத்தது இம்மலையைத்தான். இம்மலைமேல் நாமறிந்த பழைய சோலை, மாந்தர் உலாவுவதற்காக அமைந்ததன்று. இறைவனுக்குப் பூத்தொடுப்பதற்காக அமைந்தது. திருமலையில் நந்தவனம் அமைத்து மலர்க் கைங்கரியம் செய்ய யார் செல்வீர் என இராமாநுசர் திருவரங்கத்தில் வினவியபோது, குளிருக்கும் தனிமைக்கும் அஞ்சிப் பிறர் வாளாவிருக்க, அனந்தாழ்வான் ஒருவரே முன்வந்தார் என்பது வைணவ மரபு. அவர் பிறந்த ஊர் இன்றைய கருநாடகத்தில். கற்ற இடம் திருவரங்கம். உழைத்த இடம் திருமலை. நம்மைப் போலவே வேலையின் நிமித்தம் இவ்விடம் வந்து குடியேறியவர்.

அவரும் கருவுற்றிருந்த மனைவியாரும் மண் சுமந்து தோட்டத்திற்கு ஏரி வெட்டினர். அம்மையாருக்கு உதவ வந்த சிறுவனை, தன் கைங்கரியத்தில் பங்கு கேட்கிறானே எனச் சினந்து, அனந்தாழ்வான் கடப்பாரையை வீசினார். அது சிறுவனின் முகவாயில் பட்டது. கோயிலுள் சென்று பார்த்தால் பெருமானின் முகவாயில் குருதி! இன்றும் மூலவர் முகவாயில் பச்சைக் கற்பூரம் சாத்துவது இதனால் என்பர். மகாத்துவாரத்தில் தொங்கும் கடப்பாரையை நம் குழந்தைகளும் அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள்.

எனக்குப் பெரிதும் உவப்பானது மற்றொரு கதை. இரவில் யாரோ இருவர் தோட்டத்துள் புகுந்து மலர்களைக் கலைத்துச் செல்வதைக் கண்ட அனந்தாழ்வான் ஒளிந்திருந்து பிடித்தார். பெண் அகப்பட்டாள், சண்பக மரத்தில் கட்டிப்போட்டார். ஆடவனோ இடமாகச் சுற்றி ஓடி மறைந்தான். விடிந்த பின்னரே வந்தவர்கள் யாரென விளங்கிற்று. இதன் நினைவாகவே பிரமோற்சவம் முடிந்த மறுநாள் பாக் சவாரி உற்சவத்தில் பெருமான் அப்பிரதட்சிணமாக வீதி சுற்றி அத்தோட்டத்திற்கு எழுந்தருள்கிறார். தோட்டத்துக்கு இன்றைய பெயர் புரசைவாரித் தோட்டம். அங்கேதான் மகிழமரத்தடியில் அனந்தாழ்வான் நினைவிடமும் உள்ளது. பூப்பறிக்கக் கூடாது என்னும் சட்டத்தைத் தெய்வத்தின் மீதே செலுத்திய தோட்டக்காரர் அவர்! இன்றளவும் திருமலையில் பெண்டிர் தலையில் பூச்சூடுவதில்லை. மலையில் பூப்பவை யாவும் பெருமானுக்கே என்பது வழக்கு.

இவை கர்ண பரம்பரை. கல்லெழுத்தைக் கேட்பவர்க்கும் விடையுண்டு. திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. மிகப் பெரும்பாலானவை தமிழிலேயே பொறிக்கப்பெற்றவை. நந்தவனத்திற்கு நிலம் விட்டதும், பூத்தொடுப்பாருக்குப் பங்கு வைத்ததும் அவற்றில் பலமுறை வருகின்றன. பள்ளியில் தெலுங்கும், ஞாயிறுதோறும் நம் சங்க வகுப்பில் தமிழும் கற்கும் என் மகள், கோவிந்தராசர் கோயில் சுவரில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்து, "அப்பா, இது நம் எழுத்தா? இங்கே எப்படி வந்தது?" என்று வினவினாள். அக்கேள்விதான் என்னை இவற்றையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது.

நிற்க. சாதி, மத, செல்வ பேதமின்றி யாவரும் நுழைந்து உலாவும் பொதுப் பூங்கா என்பது பிற்காலத்தது. இங்கிலாந்தில் பிர்க்கன்ஹெட் நகரத்தார் பொதுப்பணத்தில் பூங்கா அமைத்துத் திறந்தது 1847இல். நம் சென்னையில் கவர்னர் டிரெவெலியன் காலத்தில், 1859ஐ ஒட்டி, 116 ஏக்கரில் பீப்பிள்ஸ் பார்க் தோன்றிற்று. ஏரிகளும் பாண்டு வாத்திய மேடையும் மிருகக்காட்சி சாலையும் அதில் இருந்தன. பின்னர் என்னாயிற்று? விக்டோரியா மண்டபத்துக்குக் கொஞ்சம், மூர் மார்க்கெட்டுக்குக் கொஞ்சம், 1913இல் திறந்த ரிப்பன் மாளிகைக்குக் கொஞ்சம், பின்னாளில் விளையாட்டரங்குக்குக் கொஞ்சம் எனத் துண்டு துண்டாய்க் கரைந்தது. மிருகங்கள் 1985இல் வண்டலூர் சென்றன. அதே ஆண்டு மூர் மார்க்கெட் எரிந்தது. அவ்விடத்தில் புறநகர் ரெயில் நிலையம் எழுந்தது. சென்டிரலில் மின்வண்டிக்கு ஓடும் நம்மவர் பழைய பூங்காவின் மேலேயே ஓடுகின்றனர். ரெயில்வே ஊழியனாகிய நான் இதைச் சற்று நாணத்துடனேயே எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தின் வரலாறும் ஒருவாறு துண்டுகளின் வரலாறே. வட ஆர்க்காட்டின் தலைநகராயிருந்த சித்தூர் 1911இல் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர இராச்சியத்திற் சேர்ந்தது. 1960இல் திருத்தணி முதலிய பகுதிகள் சென்னை இராச்சியத்திற்குச் சென்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு நகர்ந்தது, மலையும் மரமும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இனி, கமிட்டியார் முன்வந்த இடங்களைப் பார்ப்போம். ஸ்ரீ வேங்கடேசுவர உயிரியல் பூங்கா 1987இல் நிறுவப்பெற்றது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. ஆசியாவின் பெரிய உயிரியல் பூங்காக்களுள் ஒன்று. குழந்தைகளுக்கு உகந்ததே. ஆனால் நடை மிகுதி, வெயில் மிகுதி, மூட்டை முடிச்சோடு சென்று ஓரிடத்தில் அமர இயலாது. ஹார்ஸ்லி மலை நாலாயிரம் அடிக்கு மேல் உயரமுடையது. 1860களில் கடப்பைக் கலெக்டராயிருந்த ஹார்ஸ்லி துரை கோடையில் தங்க வீடு கட்டியதால் அப்பெயர் பெற்றது. யூகலிப்டஸ் மரங்களும் குளிர்காற்றும் சிறப்பு. ஒரு நாட்பயணத்திற்குத் தொலைவு. தலகோனா 270 அடி உயர அருவி. இளைஞர்கள் தனியே சென்று வரட்டும்.

கபில தீர்த்தம் நமக்கு மிக அண்மையது. மலையின் காலடியில் அருவி விழும் குளம். ஆழ்வார் தீர்த்தம் என்றும் பெயருண்டு. விஜயநகரத்து அச்சுதராயர் காலத்தில் கற்படிகளும் சந்தியாவந்தன மண்டபங்களும் அமைந்தன. ஐப்பசி கார்த்திகை மழையில் அருவியைக் காண்பது கண்கொள்ளாக் காட்சி. ஆயினும் 2021 நவம்பர்ப் பெருமழையில் மலைநீர் பொங்கி இறங்கி நகர வீதிகள் வெள்ளக்காடானதைக் கண்டவர்கள், மழை நாளில் குழந்தைகளுடன் அங்குச் செல்ல அஞ்சுவர்.

இங்கே சேஷாசலக் காட்டைப் பற்றி ஒரு சொல். 1989இல் இதன் ஒரு பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் மலைத்தொடர் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பாறையிடுக்கில் பொன்னிறப் பல்லி வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இயல்பாக இவ்வளவு செழித்து வளராத செம்மரம், இம்மலையிலும் இதனை அடுத்த மலைகளிலுமே வளர்கிறது. அம்மரத்தின் விலையே அதற்கும் மனிதருக்கும் பகையாயிற்று. 2015 ஏப்ரல் 7ஆம் நாள், சந்திரகிரியை அடுத்த காட்டில், திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களைச் சேர்ந்த 20 பேர் செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனப்பட்டுக் காவற்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். கூலிக்காகக் கோடரி தூக்கும் ஏழைகளே பெரும்பாலும் காட்டில் அகப்படுகிறவர்கள். மரத்தை வாங்கி விற்பவர்கள் அகப்படுவது அரிது. அந்த வாரம் நம் காலனியில் தமிழும் தெலுங்கும் பேசும் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் நோக்கத் தயங்கியதை நான் கண்டேன். நான்காம் நாள், எதிர் வீட்டுத் தெலுங்கு அம்மாள் வழக்கம்போல் என் மனைவியிடம் மோர் உறை வாங்க வந்தார். இருவரும் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. இக்காட்டின் அழகை எழுதும் தமிழன் இதனைக் கூறாது செல்லுதல் தகாது எனக் கருதியே எழுதினேன்.

எஞ்சியது சந்திரகிரி. என் வாக்கு அதற்கே என்பதை மறைக்கவில்லை. திருப்பதியிலிருந்து பாகாலை, காட்பாடி செல்லும் பாதையில் சில நிமிடத் தொலைவு. என் தந்தையார் பாகாலையில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த நாளில், மீட்டர் கேஜ் வண்டியில் எங்களை அங்கு அழைத்துச் செல்வார். கோட்டையின் கதையை அவர் அறியார். "ராஜா இருந்த இடம், செருப்பைத் தேய்த்து நடக்காதே" என்பார், அவ்வளவே. பின்னர் எனக்கு உத்தியோகம் கிடைத்து இப்பக்கம் வந்தபின், பன்னிரண்டு ஆண்டுகள் வண்டியின் ஜன்னல் வழியாகவே அக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு போனேன். ஒருநாளும் இறங்கவில்லை. விடுமுறை கிடைத்தால் சொந்த ஊருக்கே ஓடினோம்.

யாதவராயர் காலத்தில் தோன்றியதாகக் கூறப்படும் இக்கோட்டையிலிருந்து ஆண்டே சாளுவ நரசிம்மர் 1485இல் விஜயநகர அரியணையைக் கைக்கொண்டார். 1565இல் தலைக்கோட்டைப் போரில் பேரரசு சிதைந்த பின், பெனுகொண்டாவிலிருந்து தலைநகரம் இங்கு வந்தது. 1639இல் ஆங்கிலக் கம்பெனியாருக்குச் சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்டிக்கொள்ள இடந்தந்த தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் இப்பேரரசின் கீழ்ப்பட்டவர். 1645இல் அவ்வுரிமையைப் புதுப்பித்து அளித்தவர் பேரரசர் மூன்றாம் ஸ்ரீரங்கராயர். சென்னையென்னும் மாநகரின் பட்டா வளர்ந்தது இவ்வரசர்களின் முத்திரையில் என்றால் அது மிகையாகாது. 1782இல் கோட்டை ஹைதர் அலியின் கைக்கு மாறிற்று. அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் சித்தூருக்கருகில் பாசறையில் உயிர் துறந்தார்.

இன்று ராஜமகாலின் மூன்று அடுக்குகளும் ராணிமகாலின் இரண்டு அடுக்குகளும் நிற்கின்றன. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு, மரமே சேர்க்காமல் எழுப்பியது ராஜமகால். உள்ளே தொல்பொருள் துறையாரின் அருங்காட்சியகம். வெளியே புல்வெளி, நிழல் மரங்கள், குளம், பின்னே செங்குத்தான பாறைமலை. படியேற வேண்டாதவர்க்குச் சமதளம்; ஏற விரும்பும் சிறுவர்க்கு மாளிகைப் படிகள். மூன்றாண்டுகளுக்கு முன் என் மகளை அங்கு அழைத்துச் சென்றேன். கோட்டைச் சுவரை ஒட்டிச் செல்கையில், "செருப்பைத் தேய்த்து நடக்காதே" என்று என் வாயிலிருந்து வந்தது. அவள் சிரித்தாள்.

காலனி வேப்பமரத்தைப் பற்றியும் கூற வேண்டும். குடியிருப்புகளுக்கிடையே உள்ள அந்த மைதானத்தில் முன்பு நான்கு வேம்பும் ஒரு புங்கும் இருந்தன. வண்டி நிறுத்தும் கொட்டகைக்காக இரண்டு வேம்பை வெட்டினர். எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாமென ஒருவர் கூறினார். கையெழுத்திடும் தாள் என்னிடம் வந்தபோது, மேலதிகாரிகள் என்ன நினைப்பரோ என்று நான் மறுநாளைக்கு ஒத்திப்போட்டேன். மறுநாள் மரம் இல்லை. எஞ்சிய இரு வேம்புக்கும் புங்குக்கும் இவ்வாண்டு சங்கத்தின் பெயரால் மனு எழுதி வைத்திருக்கிறேன். ஆண்டு விழாப் பந்தலின் வாயிலில் மேசைமேல் இருக்கும். தெலுங்கில் ஒரு படியும் உண்டு. அனைவரும் கையெழுத்திடக் கோருகிறேன்.

சந்திரகிரிப் பயணத்திற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையே ஏற்றது; வெள்ளியன்று அருங்காட்சியகம் மூடியிருக்கும். காலைப் பாசஞ்சரில் சென்றால் வெயிலேறுமுன் புல்வெளியை அடையலாம். புளியோதரையும் தயிர்ச்சோறும் கொண்டு செல்வோம். இலைகளைத் திரும்பக் கொண்டுவர ஒரு சாக்கும் வேண்டும். முழங்கால் வலியுள்ள பெரியவருக்கு மடக்கு நாற்காலி ஒன்றை நான் எடுத்து வருகிறேன்.