மூக்குத் தசையை அகற்றினால் மட்டும் போதுமா?

பீனிசம் என்றதும் தும்மல், தலைப்பாரம், மூக்கடைப்பு என்ற அளவிலேயே அதனை நோக்கப் பழகிவிட்டோம். ஆயினும், 12 வாரங்களுக்கு மேல் நீடித்து, மூக்கினுள் திராட்சைக் கனியை ஒத்த தசைகளை வளரச்செய்து, மணத்தை நுகரும் ஆற்றலையே பறித்துவிடும் நாட்பட்ட பீனிசம் அவ்வாறு அலட்சியப்படுத்தத்தக்கதல்ல. சத்திரசிகிச்சை மூலம் அகற்றப்பட்ட தசைகள் நோயாளர் பலருக்குச் சில வருடங்களில் மீண்டும் வளர்கின்றன. இதற்காக வைத்தியரை நொந்துகொள்வது பொருத்தமற்றது. வெட்டியெடுக்கப்படுவது விளைவு மாத்திரமே. காரணம் மூக்கின் சவ்வினுள்ளேயே தங்கிவிடுகின்றது.

தசை என்று நாம் கூறுவதுகூடப் பெயரளவிலேதான். உண்மையில் அது அழற்சியினால் நீர்கோத்துத் தொங்கும் சவ்வாகும். கிருமிகளாலும் பங்கசுக்களாலும் சீண்டப்படும் சவ்வின் கலங்கள் எச்சரிக்கைப் புரதங்களை வெளிவிட, அவற்றினால் தூண்டப்படும் நிர்ப்பீடனக் கலங்கள் இன்டர்லூகின் 4, 5, 13 ஆகிய மூலக்கூறுகளைச் சுரக்கின்றன. இவற்றுள் ஐந்தாவது, இயோசினோபில் எனும் வெண்குருதிக் கலங்களைப் பெருகச் செய்து அவற்றின் ஆயுளையும் நீடிக்கின்றது. ஏனைய இரண்டும் சளியைப் பெருக்கி, ஒவ்வாமைக்குரிய பிறபொருளெதிரியின் உற்பத்தியையும் தூண்டுகின்றன. ஆஸ்துமாவிலும் இதே மூலக்கூறுகள் பங்குகொள்வதால், இவ்விரு நோய்களும் ஒருவரிடமே காணப்படுவது வியப்புக்குரியதல்ல. எனினும் எல்லா நாடுகளிலும் நிலைமை ஒன்றல்ல. ஐரோப்பிய நோயாளரில் பெரும்பாலானோரிடம் இயோசினோபில் மேலோங்க, சீன நோயாளர் பலரிடம் நியூட்ரோபில் கலங்களும் இன்டர்லூகின் 17 உம் முனைப்பாகக் காணப்பட்டன.

இன்டர்லூகின் 4, 13 ஆகியவற்றின் செயற்பாட்டைத் தடுக்கும் டுபிலுமாப் ஊசிமருந்துக்கு ஐக்கிய அமெரிக்கா 2019 இல் இந்நோய்க்கென அங்கீகாரம் வழங்கியது. ஐந்தாவதைத் தடுக்கும் மெபோலிசுமாப் 2021 இல் அங்கீகாரம் பெற்றது. இவை தசையைச் சுருக்கி மணவுணர்வை மீட்டுத் தருகின்றன என்பது உண்மையே. ஆனால் தொடர்ந்து ஏற்றப்பட வேண்டிய இம்மருந்துகளின் விலை சாதாரண குடும்பமொன்றினால் தாங்கக்கூடியதன்று.

ஆகையால் மூக்கினுள் விசிறும் ஸ்டீரொயிட் மருந்தும், உப்புக்கரைசலால் மூக்கைக் கழுவுதலுமே இன்றும் முதன்மைச் சிகிச்சைகளாக உள்ளன. இம்மூலக்கூறுகளின் சுரப்பை ஸ்டீரொயிட்டும் அடக்குகின்றது. ஆனால் அதன் பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும். மூச்சு இலகுவானதும் மருந்தைக் கைவிடும் பழக்கமே எம்மிடையே பெருங்குறையாக உள்ளது. சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் இதனைத் தொடரவேண்டியது அவசியமாகும்.

மற்றுமொன்றையும் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். மூக்குத் தசையும் ஆஸ்துமாவும் உள்ள சிலருக்கு அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற வலிநிவாரணிகள் லூக்கோட்ரையீன் எனும் மூலக்கூறுகளை மிகைப்படுத்தி, கடும் மூச்சுத்திணறலை ஏற்படுத்தக்கூடும். இத்தகையோர் மருந்தகத்தில் தலைவலிக்கு மாத்திரை கேட்கும்போது தமது நோயையும் கூறிவிட வேண்டும்.