இரு கண்ணுக்கு ஒரு காட்சி

புதுக்கோட்டை நகரை அடுத்த கவிநாடு கண்மாயின் கரையில், மார்கழி மாதக் காலையொன்றில் நின்றுகொண்டிருந்தேன். ஆடுகளை ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் கண்டு, "சர்வே எடுக்க வந்தீகளா?" என்று கேட்டார். பறவை பார்க்க வந்திருப்பதாகச் சொன்னேன். "அது சும்மாவே தெரியுதே" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் சொன்னது பொய்யன்று. அங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில், 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. மலர்களுக்கும் இலைகளுக்கும் நடுவே மீன்களும் நீர்ப்பறவைகளும் உலவுகின்றன. அப்பறவைகளின் கழுத்து வளைவைத் தீட்டியவன் எந்தக் கண்ணாடியையும் கையில் ஏந்தியவனல்லன். பார்க்கத் தெரியாதவனுக்கு எந்தக் கருவியும் கண்ணைத் தந்துவிடாது. ஆயினும் பார்க்க விரும்புகிறவனுக்கும் பறவைக்கும் இடையே ஒரு தொலைவு உண்டு. அத்தொலைவை மனிதன் எப்படியெல்லாம் கடக்க முயன்றான் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. என் கழுத்தில் தொங்குவது அவ்வரலாற்றின் ஒரு துண்டு.

அது எனக்கு 1998-இல் ஒரு மூத்த குருவிடமிருந்து கிடைத்தது. அவர் அதனை எழுபதுகளில், சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய பொருளாக வாங்கியிருந்தார். 1985-இல் தீக்கிரையான அந்தச் சந்தையில் கிடைக்காத பொருள் இல்லை என்பார்கள். கருந்தோல் போர்த்திய உலோக உடல். அதன்மேல் 'கார்ல் சைஸ் யேனா' என்றும், 'டெல்ட்ரின்டெம்', '8 × 30' என்றும் பொறித்திருந்தது. 8 என்பது எத்தனை மடங்கு அருகில் காட்டும் என்பதையும், 30 என்பது முன்வில்லையின் விட்டம் 30 மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். ஆயிரம் மீட்டருக்கு அப்பால் 150 மீட்டர் அகலத்தை அது ஒரே பார்வையில் காட்டும். மார்புப்பையில் மூட்டு நோகாமல் கிடக்கும் எடை. இந்த மாதிரி 1920-இல் அறிமுகமாகி, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் செய்யப்பட்டது. அதனைக் கொடுத்தபோது அந்த மூத்தவர் சொன்னது ஒன்றுதான்: "இதைக் கடன் கொடுக்காதீர். பார்க்க வேண்டுமென்று கேட்பவரைக் கூடவே அழைத்துப் போம்."

தொலைநோக்கியின் கதை 1608-இல் ஒல்லாந்தில் தொடங்குகிறது. மிடல்பர்க் நகரக் கண்ணாடிக் கைவினைஞரான ஹான்ஸ் லிப்பர்ஹே தம் கருவிக்கு உரிமம் கேட்டு அந்நாட்டு ஆட்சியவையை அணுகினார். அவையினர் கருவியைப் பாராட்டினர். ஆனால் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது தொல்லையாக இருக்கிறது, இரு கண்ணாலும் பார்க்கும்படி செய்து வாரும் என்றனர். அவரும் செய்து கொடுத்தார். உரிமம் மட்டும் கிடைக்கவில்லை. அந்த வித்தை அதற்குள் வேறு சிலருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே பைனாகுலர் தொலைநோக்கியின் தம்பி அன்று. ஏறக்குறைய இரட்டைப் பிறவி.

இதற்குப் பிறகு நம் திருச்சபை வாசகர்கள் பலர் அறியாத ஒரு பகுதி வருகிறது. இந்த இரட்டைக் குழலை விடாமல் பற்றிக்கொண்டு வளர்த்தவர்கள் இருவர். இருவரும் கப்புச்சின் சபைத் துறவியர். முதலாமவர் டிரோல் நாட்டைச் சேர்ந்த அந்தோணி மரிய ஷீர்லேயுஸ் தெ ரைட்டா. 1645-இல் அன்ட்வெர்ப் நகரில் அவர் வெளியிட்ட இலத்தீன் நூலின் பெயர் 'ஏனோக்கு, எலியா ஆகியோரின் கண்'. மரிக்காமலே எடுத்துக்கொள்ளப்பட்ட அந்த இருவரின் பெயரை, இரு கண்ணால் வானத்தைப் பார்க்கும் கருவியைப் பேசும் நூலுக்குச் சூட்டிய அத்துறவியிடம் நகைச்சுவையும் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. தலைகீழாகத் தெரிந்த உருவத்தைப் பல வில்லைகளால் நிமிர்த்திக் காட்டியவரும் அவரே. கண்பக்க வில்லைக்கும் பொருள்பக்க வில்லைக்கும் ஐரோப்பிய மொழிகளில் இன்றும் வழங்கும் பெயர்கள் அவர் இட்டவை என்பர். இரண்டாமவர் பிரான்சின் ஓர்லேயான் நகரத்துச் செருபின். அவர் 1671-இலும் 1677-இலும் இரு பெருநூல்களை வெளியிட்டார். அவர் கைப்பட்ட இரட்டைத் தொலைநோக்கி ஒன்று இன்றும் புளோரன்ஸ் நகரின் கலிலேயோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே காலத்தில் நம் கரையில் என்ன நடந்தது? ரைட்டாவின் நூல் அச்சேறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, அதாவது 1642-இல், அதே கப்புச்சின் சபையைச் சேர்ந்த நெவேர் நகரத்து எஃப்ரேம் அடிகள் சென்னைக் கோட்டைப் பகுதியில் தம் பணியைத் தொடங்கியிருந்தார். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் தங்கியிருந்த இயேசு சபைக் குரு ழான் ரிஷோ, வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் கண்டுகொண்டிருந்தார். அப்போது தென்வானின் ஆல்ஃபா செண்டாரி என்னும் பேரொளி விண்மீன் ஒன்றன்று, இரண்டு எனக் கண்டறிந்தார். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உற்று நோக்கினால் இரண்டாகும் என்னும் அச்செய்தி நம் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து புறப்பட்டது.

ஆனால் செருபினின் கருவி கழுத்தில் தொங்கக் கூடியதன்று. அது நெடிய குழல், தாங்கி வேண்டும். குழலைக் குறுக்கினால் ஆற்றல் குறையும். ஆற்றலைக் கூட்டினால் குழல் நீளும். 19-ஆம் நூற்றாண்டின் நாடகக் கொட்டகைகளில் சீமாட்டிகள் ஏந்திய சிறு கண்ணாடிகள் மூன்று நான்கு மடங்குக்கு மேல் காட்டவில்லை. இந்த முடிச்சை அவிழ்த்தவர் இத்தாலியப் பீரங்கிப்படைப் பொறியாளர் இக்னாசியோ போர்ரோ. ஒளியை நேரே செலுத்தாமல், இரு முப்பட்டகங்களுக்குள் புகுத்தி நான்கு முறை திருப்பினால், நெடிய பாதை சிறிய பெட்டிக்குள் மடிந்துவிடும். தலைகீழ் உருவமும் தானே நிமிர்ந்துவிடும். 1854-இல் இதற்கு உரிமம் பெற்றார். எண்ணம் சரி; கண்ணாடி சரியில்லை. அக்காலத்துக் கண்ணாடிக் கட்டிகளில் குமிழும் கோடும் இருந்தன. ஒளி அவற்றுக்குள் நெடுந்தூரம் சென்று மங்கியது.

நல்ல கண்ணாடிக்கு நாற்பது ஆண்டு காக்க வேண்டியிருந்தது. யேனா நகரில் கார்ல் சைஸின் பட்டறையில் சேர்ந்த இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அப்பேயும், கண்ணாடி வேதியியலாளர் ஓட்டோ ஷாட்டும் 1884-இல் கண்ணாடி ஆலை ஒன்றைத் தொடங்கினர். 1894-இல் அங்கிருந்து முப்பட்டகப் பைனாகுலர் விற்பனைக்கு வந்தது. முன்வில்லைகளை நம் கண்களின் இடைவெளியைவிட அகலமாக வைத்ததால், காட்சிக்கு ஆழமும் கூடிற்று. கண்மாயில் முன்னே நிற்கும் கொக்கும் பின்னே மிதக்கும் புள்ளிமூக்கு வாத்தும் ஒரே தட்டையில் ஒட்டாமல் தனித்தனியே நிற்பது அதனால்தான்.

அப்பேயைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன். அவர் நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகன். தந்தை நாள்தோறும் பதினான்கு முதல் பதினாறு மணி நேரம் ஓய்வின்றி நின்று உழைத்ததையும், மகன் கொண்டுசென்ற உணவை நின்றபடியே உண்டதையும் அவர் மறக்கவில்லை. 1889-இல் கார்ல் சைஸ் அறக்கட்டளையை நிறுவி, 1891-இல் தொழிலகத்தில் தமக்கிருந்த உடைமைப் பங்கை அதற்கு எழுதிக் கொடுத்தார். திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்து 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை வெளியிட்டதும் அதே 1891-இல். இருவரும் ஒருவரையொருவர் நோக்கி எழுதியவர்கள் அல்லர். அப்பே நம் சபையினரும் அல்லர். ஆயினும் 1896-இல் அவர் வகுத்த சட்டதிட்டங்களைப் படிக்கும்போது என்னால் அந்த மடலை நினையாமல் இருக்க இயலவில்லை. ஊதியத்துடன் விடுமுறை, நோய்க்கால உதவி, ஓய்வூதியம், மேலாளரே ஆயினும் சராசரித் தொழிலாளியின் ஆண்டு வருவாயைப் போலப் பத்து மடங்குக்கு மேல் பெறலாகாது என்னும் விதி. 1900-இல் எட்டு மணி நேர வேலைநாள் வந்தது. ஒரு வில்லையைத் தேய்ப்பவனுக்கு விரல் நடுங்கக் கூடாது, கண் சோரக் கூடாது. என் பைனாகுலரின் திருகு இன்றும் வழுவழுப்பாகச் சுழல்வதற்கு அந்த எட்டு மணி நேரம் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஆயினும் அந்தத் தொழிலகத்தின் கதையை வெள்ளையாகவே சொல்லிப் போவது நேர்மையன்று. இதே கருவிகள் இரு உலகப் போர்களிலும் பீரங்கிக்கு இலக்குக் காட்டின. இரண்டாம் உலகப் போரில் யேனாவின் ஆலைகளில் பிற நாடுகளிலிருந்து இழுத்துவரப்பட்டோர் கட்டாய உழைப்பில் வைக்கப்பட்டனர். அப்பேயின் சட்டதிட்டங்கள் அவர்களைக் காக்கவில்லை. 1945-இல் அமெரிக்கப் படை முதன்மை அறிஞர்களை மேற்குப் பகுதிக்குக் கொண்டுசென்றது. அடுத்து வந்த சோவியத்து ஆட்சி இயந்திரங்களைப் பெயர்த்துச் சென்றது. எஞ்சிய தொழிலாளர்கள் மீண்டும் பட்டறையைக் கட்டினர். அதன்பின் 1990 வரை ஒரே பெயரில் இரு நிறுவனங்கள், இரு ஜெர்மனிகளில். என் கையிலிருப்பது கிழக்கின் பிள்ளை. அதன் வில்லைகளில் நீலமும் ஊதாவுமாக ஒரு மினுக்கம் தெரியும். 1935-இல் அதே யேனாவில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா கண்டுபிடித்த மெல்லிய பூச்சு அது. பூச்சு இல்லையேல் காற்றைத் தொடும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பும். பத்துப் பரப்புகளைக் கடப்பதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அந்தி மயங்கும் வேளையில் கண்மாய்க்குத் திரும்பும் பாம்புத்தாராவின் கழுத்தை நான் இன்னும் பிரித்தறிவது அப்பூச்சினால்.

பறவைகளுக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டில் பறவையை அருகில் காண விரும்பிய அறிஞனின் கருவி துப்பாக்கிதான். காங்கிரசின் நிறுவனராக நாம் அறிந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைத் தோல்களைச் சேர்த்து, 1885-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். கொன்றால்தான் பெயர் சொல்ல முடியும் என்பது அக்கால வழக்கு. 1901-இல் இங்கிலாந்தில் எட்மண்ட் செலூஸ் பறவை பார்த்தல் பற்றித் தம் நூலை வெளியிட்டு, துப்பாக்கியை வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுக்கச் சொன்னார். முப்பட்டகப் பைனாகுலர் பிறந்து ஏழே ஆண்டுகளில் எழுந்த குரல் அது. நம் சலீம் அலியும் சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் மஞ்சட்கழுத்துச் சிட்டு ஒன்றை வீழ்த்தித்தான் இத்துறைக்குள் நுழைந்தார். ஆய்வுக்காகப் பின்னரும் பறவைகளைச் சுட்டார். அவர் 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலோ, சுடாமலே பெயர் சொல்லும் ஆற்றலை எளியோர் கையில் கொடுத்தது. அவர் சார்ந்திருந்த மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் பின்னாளில் கோடிக்கரையில் வலசைப் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, மீண்டும் பறக்கவிட்டது.

இங்கே நம் சிற்றூர்களை மறந்துவிடலாகாது. வெள்ளைச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது வேடந்தாங்கல் மக்கள் முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேசிடமிருந்து பாதுகாப்பு ஆணை பெற்றனர். நம் மாவட்டத்தை அடுத்த சிவகங்கைச் சீமையில், வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்களிடம் பைனாகுலர் ஏது? ஆட்டுக்காரப் பெரியவரின் மறுமொழிக்கு நான் வாயடைத்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவியை வைத்துக் காப்பது பற்றி ஒரு சொல். நம் ஐப்பசி ஈரம் வில்லைகளுக்குள் சிலந்திவலை போலப் பூஞ்சையைப் பின்னிவிடும். மழைக்காலத்தில் அரிசியை வறுத்துத் துணியில் முடிந்து, அதனுடன் மூடிய தகர டப்பாவில் வைக்கிறேன். கோட்டைப்பட்டினம், மணமேல்குடி கடற்கரைக்குப் போய் வந்தால், உப்பைத் துடைக்காமல் உறங்குவதில்லை. இருந்தும் 2009-இல் பூஞ்சை பிடித்தது. கடை ஒன்றில் கொடுத்தேன். சுத்தமாகத்தான் வந்தது, ஆனால் முப்பட்டகங்களை மாற்றி இறுக்கிவிட்டார்கள். இரு குழல்களின் அச்சும் இணையாக இல்லாவிடில், கண்கள் இரண்டையும் ஒன்றாக்க மூளை படாத பாடுபடும். அரை மணி பார்த்தால் தலை பிளக்கும். எனக்கு முதுமை வந்துவிட்டதென்றே இரண்டு மாதம் நம்பியிருந்தேன். பிறகு திருச்சியில் பழைய கேமராக்களைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் அதனைப் பிரித்தார். தொலைவிலிருந்த கோபுர உச்சியை நோக்கி, ஒரு திருகைத் தளர்த்தி, மற்றொன்றை மயிரிழை முடுக்கி, ஒரு மாலை முழுதும் செலவிட்டு இரு கோபுரங்களை ஒன்றாக்கினார். பிரித்துப் பூட்டக்கூடியதாக அதனைச் செய்தவர்களின் முன்யோசனை, ஐம்பது ஆண்டு கழித்து நம் ஊர்க்காரர் ஒருவரின் கைக்கு வேலை கொடுத்தது.

2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வீசிய மறுவாரம், ஆலங்குடி வட்டாரத்துக்கு உதவிப்பொருள்களுடன் சென்றபோது பைனாகுலரும் வண்டியில் கிடந்தது. விழுந்த தென்னைகளுக்கு அதனை உயர்த்த மனம் வரவில்லை. இல்லம் திரும்புமுன், அடியோடு சாய்ந்த பலாமரம் ஒன்றின் வேர்மீது பனங்காடை ஒன்று அமர்ந்திருப்பதைக் கண்டு எடுத்தேன். என் அருகே அந்தத் தோட்டத்துக்காரரின் பத்து வயதுப் பேத்தி நின்றிருந்தாள். சிறுமியின் கண்களுக்கு ஏற்ப இரு குழல்களையும் நெருக்கிக் கொடுத்தேன். அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பறவை எழுந்து, மங்கிய சிறகை விரித்து நீலமாயிற்று.

"சாமி, அது உள்ளுக்குள்ள நீலத்த ஒளிச்சு வச்சிருக்கு" என்றாள்.

அவளிடமிருந்து வாங்கிக் கழுத்தில் மாட்டினேன். குழல்களை விரித்து என் கண்ணளவுக்குச் சரிசெய்துகொள்ள அன்று நினைவில்லை. மறுநாள் கண்மாய்க் கரையில்தான் தெரிந்தது.