வலைப்பதிவைக் 'கிட்'டில் வைத்திருப்பது: அது காக்கும், காட்டியும் கொடுக்கும்

2018 மார்ச் முதல் வாரத்தில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது கண்டியில் ஊரடங்கு. 6ஆம் திகதி அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முடக்கப்பட்டன. வெறுப்பும் வதந்தியும் பரவுவதைத் தடுக்கவே என்று அரசாங்கம் சொன்னது. கண்ணால் கண்டதை எழுதி வைத்திருந்தவர்களுக்கும் அதே கதவுதான் மூடப்பட்டது.

அந்த நாட்களில் என் குறிப்புகளை ஓர் இலவச வலைப்பதிவுச் சேவையின் எழுதும் பெட்டிக்குள்ளேயே நேரடியாகத் தட்டிக்கொண்டிருந்தேன். இணைப்பு விட்டுவிட்டு வந்த ஓர் இரவில், பழைய வரைவு புதியதன் மேல் சேமிக்கப்பட்டுவிட்டது. யார் எத்தனை மணிக்கு என்ன சொன்னார் என்று எழுதியிருந்த இரண்டு நாள் குறிப்புகள் போய்விட்டன. நினைவிலிருந்து திரும்ப எழுதினேன். ஆனால், அப்படி எழுதியதை முதலில் எழுதியதாகச் சொல்ல முடியாதே. அதன் பிறகுதான் நிரல் எழுதும் நண்பர் ஒருவர் 'கிட்' என்ற மென்பொருளைக் காட்டினார்.

கிட் ஒரு பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி. ஒரு கோப்புறையில் உள்ள கோப்புகள் எப்போது, எப்படி மாறின என்ற வரலாற்றைச் சேர்த்து வைப்பது அதன் வேலை. அது பிறந்த கதை நமக்குப் புரியக்கூடியது. லினக்ஸ் உருவாக்குநர்கள் பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 2005இல் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. அந்த ஏப்ரலிலேயே லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். யாரும் திருப்பிக் கேட்க முடியாதபடி அது இலவசமாகவே வெளியானது.

வலைப்பதிவுக்கென மடிகணினியில் ஒரு கோப்புறை. ஒவ்வொரு பதிவும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. தலைப்பு, தடித்த எழுத்து போன்றவற்றுக்குச் சில குறிகளை இடும் மார்க்டவுன் முறை போதும். எழுதி ஒரு கட்டத்துக்கு வந்ததும் 'கொமிட்' செய்கிறோம். அந்த நேரத்து நிலை ஒரு சிறு குறிப்போடு பதிவாகிறது: 'இரண்டாவது சாட்சி சொன்ன நேரம் திருத்தப்பட்டது' என்பதுபோல. இதற்கு இணையம் தேவையில்லை. ஊரடங்கிலும் நடக்கும், மின்வெட்டில் பற்றரி இருக்கும்வரையும் நடக்கும். மூன்று வாரம் கழித்து எந்தப் பந்தியை ஏன் மாற்றினோம் என்று பார்க்கலாம், பழையதை மீட்கலாம். ஒவ்வொரு கொமிட்டும் தனக்கு முந்தியதன் குறியெண்ணைத் தன்னுள் சுமக்கிறது. நடுவில் ஒன்றை மாற்றினால் அதற்குப் பின்னுள்ள எல்லாக் குறியெண்களும் மாறிவிடும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொமிட்டில் விழும் திகதி உங்கள் கணினியின் கடிகாரம் சொல்வது. அதை மாற்றி வைக்கலாம். சாட்சியங்களை ஆவணப்படுத்துபவர்கள் அதை மட்டும் நம்பி 'இன்ன நாளில் எழுதினேன்' என்று நிரூபிக்க முடியாது.

கோப்புறையைக் 'குளோன்' எடுத்தால் முழு வரலாறும் கூடவே வரும். ஒரு பிரதி பென் ட்ரைவில், இன்னொன்று ரொறன்ரோவில் உள்ள அக்காவின் கணினியில் இருக்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த சுவடிகளுள் வேறெங்கும் பிரதி இல்லாதவை இருந்தன. அதை அறிந்தவர்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்குச் சில தனித் தொல்லைகள் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள் கிட்டுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். கிட் வரி வரியாகவே ஒப்பிடும். பந்தியை ஒரே நீண்ட வரியாக எழுதினால், ஒரு புள்ளியைத் திருத்தினாலும் முழுப் பந்தியும் மாறியதாகக் காட்டும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். இணையப் பக்கத்தில் அவை ஒரே பந்தியாகவே தெரியும். 'கொ' போன்ற எழுத்தை யூனிகோடில் இரு விதமாகச் சேமிக்க முடியும் என்பதால், விசைப்பலகை மாறினால் கண்ணுக்குத் தெரியாத 'மாற்றம்' முளைப்பதுண்டு. தமிழில் பெயரிட்ட கோப்புகள் எண்களாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். 'கோர் டொட் குவோட்பாத்' என்ற அமைப்பை அணைத்தால் சரியாகிவிடும்.

ஜெகில், ஹியூகோ போன்ற கருவிகள் எழுத்துக் கோப்புகளை இணையப் பக்கங்களாக மாற்றித் தரும். 2008இல் தொடங்கிய கிட்ஹப் தளம் அவற்றை இலவசமாக இணையத்தில் ஏற்றித் தருகிறது. நாளை அது தடைசெய்யப்பட்டாலும் கோப்புறையை வேறு சேவைக்குக் கொண்டுபோகலாம். ஆனால், இலவசக் கணக்கில் ஒரு நிபந்தனை: தளம் வெளியாகும் களஞ்சியம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். பதிவோடு அதன் முழு வரலாறும் திறந்திருக்கும். நம்மவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு தாயிடம் பேசி எழுதுகிறீர்கள் என்று வைப்போம். முதல் வரைவில் அவருடைய பெயர், கிராமம், மகனைக் கடைசியாகக் கண்டவரின் பெயர் எல்லாம் இருக்கின்றன. வெளியிடும் முன் அம்மா அழைத்து, "பிள்ளை, என்ர பேரைப் போடாதேங்கோ" என்கிறார். நீக்கிவிட்டு வெளியிடுகிறீர்கள். பக்கத்தில் பெயர் இல்லை. பழைய கொமிட்டைத் திறந்தால் இருக்கிறது. எழுதியவரையும் அது விடாது. ஒவ்வொரு கொமிட்டிலும் நீங்கள் கிட்டுக்குக் கொடுத்த பெயர், மின்னஞ்சல், கணினியின் நேர வலயம் மூன்றும் பதியும். புனைபெயரில் எழுதுபவர் ஒஸ்லோவில் இல்லை, நம் பக்கத்தில்தான் இருக்கிறார் என்பதை '+0530' சொல்லிவிடும்.

வரலாற்றைத் திருத்தி எழுதும் கருவிகள் உண்டு. ஆனால், அதற்குள் யாராவது குளோன் எடுத்திருந்தால் அவரிடம் பழையது இருக்கும்.

சீனாவில் தணிக்கையாளர்கள் நீக்கிய கட்டுரைகளைக் கிட்ஹப்பில் சேமித்துவந்த 'டெர்மினஸ் 2049' திட்டத்தின் சென் மெய், சாய் வெய் இருவரும் 2020 ஏப்ரலில் பிடிக்கப்பட்டார்கள். 2021 ஓகஸ்டில் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்கள். கருவியின் பாதுகாப்பு வேறு, அதைப் பயன்படுத்தும் ஆளின் பாதுகாப்பு வேறு. இங்கும் 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது.

நான் இரண்டு களஞ்சியங்கள் வைத்திருக்கிறேன். வரைவுகள் உள்ளது மடிகணினியிலும், கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பென் ட்ரைவிலும் மட்டுமே. அது எந்தச் சேவைக்கும் போவதில்லை. அதிலும் ஆட்களின் பெயருக்குப் பதில் 'அ1', 'அ2' என்ற குறிகள்தான். எந்தக் குறி யார் என்பது கையால் எழுதிய ஒரு கொப்பியில், வேறிடத்தில் இருக்கிறது. பேசிவிட்டு வந்ததும், முதல் கொமிட்டுக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். முடிந்த பதிவை மட்டும் நகலெடுத்துப் பொதுக் களஞ்சியத்தில் போடுகிறேன். அங்கே அதன் வரலாறு அந்த வடிவத்திலிருந்துதான் தொடங்கும். பின்னர் செய்யும் திருத்தங்கள் பகிரங்கமாகவே தெரியட்டும், அது வாசகருக்கு நான் பட்ட கடன். நேர வலயத்தை யூடிசிக்கு மாற்றியிருக்கிறேன். மின்னஞ்சலுக்குக் கிட்ஹப் தரும் மாற்று முகவரி. படங்களை ஏற்றுமுன், கைத்தொலைபேசி அவற்றினுள் எழுதிவைக்கும் இடத்தகவலை அழிக்கிறேன். இதை ஒருமுறை மறந்து, ஒரு வீட்டின் வாசல்வரை வழிகாட்டும் படத்தை நாலு மணி நேரம் இணையத்தில் விட்டிருக்கிறேன்.